தெருமுனைக் கடைக்கு ஊர் முழுக்கத் தண்டோரா எதற்கு?

பேட்டைப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம்! பலன் உண்டா? பணம் பாழா?

சென்னை:

வாரக் கடைசி. விடிந்தும் விடியாத நேரம். மயிலாப்பூரில் ஒரு தெரு.

"சொத்"தென்று ஒரு சத்தம்! கேட்டுக்கு மேலே பறந்து வந்து, வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் விழுகிறது ஒரு பேப்பர்.

இந்தப் பேப்பருக்கு வீட்டுக்காரர் சந்தா கட்டவில்லை. மாதம் பிறந்தால் பில் வராது. காசு கேட்டு யாரும் மணி அடிக்க மாட்டார்கள். பேப்பர் ஓசி!

ஓசிதானே என்று யாரும் ஒதுக்கிப் போடுவதும் இல்லை. தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளத்தை எப்போது மூடுவார்கள் என்று தேடுகிறார். பாட்டிக்குக் கோயில் உற்சவத் தேதி வேண்டும். மருமகள் கடைசிப் பக்கத்துக்குப் போகிறாள். "பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன், குளத்துக்குப் பக்கத்தில்" என்று ரெண்டு வரி. டெலிபோன் நம்பரைக் குறித்துக்கொள்கிறாள்.

அவ்வளவுதான். விளம்பரம் போட்டவருக்குப் போட்ட காசு திரும்பிவிட்டது!

இந்தப் பேப்பரை அச்சடிக்கக் காசு கொடுத்தது யார்? சர்க்காரா? கட்சியா? ரெண்டும் இல்லை. முனையில் இருக்கிற மருந்துக் கடைக்காரர். மாடியில் டியூஷன் நடத்தும் டீச்சர். பட்சணம் போட்டுத் தரும் மாமி. சோபா ரிப்பேர் பார்க்கிறவர். இவர்கள் தரும் சின்னச் சின்ன விளம்பரந்தான் அந்தப் பேப்பருக்குச் சோறு.

பேட்டை என்றதும் ரவுடி ஞாபகம் வரும். இது பேட்டைப் பத்திரிகை! இதன் கதை என்ன?

ஊரா, ஊர்களா?

சென்னை மாநகராட்சி 2011-ல் பெரிதாகிவிட்டது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை 426 சதுர கிலோமீட்டர் ஆனது. வார்டுகள் 200! அந்த ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, இந்த எல்லைக்குள் 66 லட்சம் பேருக்கு மேல்.

பேருக்குத்தான் இது ஒரே ஊர். மணலியில் பல் வலியால் துடிக்கிறவர், சோழிங்கநல்லூரில் இருக்கிற பல் டாக்டரைத் தேடிப் போவாரா? வில்லிவாக்கத்தில் மிக்ஸி ரிப்பேரானால், அதைத் தூக்கிக்கொண்டு திருவான்மியூருக்கு யார் பஸ் ஏறுவார்கள்? காய்கறி, மருந்து, டியூஷன், தையல், பிளம்பர், சமையல் ஆள், வாடகை வீடு எல்லாமே பேட்டைக்குள்தான். நடந்து போகிற தூரம். மிஞ்சினால் ஒரு ஆட்டோ தூரம்.

இந்தச் சூட்சுமம் புரிந்து பிறந்தவைதான் பேட்டைப் பத்திரிகைகள். 'மயிலாப்பூர் டைம்ஸ்' 1994-ல் வந்தது. ஆரம்பித்தவர் பத்திரிகையாளர் வின்சென்ட் டிசூசா. இங்கிலீஷ் வார இதழ். வீட்டுக்கு வீடு இலவசம். 'அடையாறு டைம்ஸ்', 'அண்ணா நகர் டைம்ஸ்', 'மாம்பலம் டைம்ஸ்' என்று பேட்டைக்கு ஒன்றாக இந்த ஜாதிப் பத்திரிகைகள் சென்னைக்குப் பழக்கமாயின.

டில்லி சமாசாரம் இதில் கிடையாது. அமெரிக்க ஜனாதிபதி இதில் தலைகாட்ட மாட்டார். தெரு விளக்கு, குப்பைத் தொட்டி, பூங்கா, பள்ளிக்கூட ஆண்டு விழா, காணாமல் போன நாய்க்குட்டி. இதுதான் சரக்கு!

பிறக்கும்போதே விளம்பரம்!

பத்திரிகையில் விளம்பரம் அதிகம் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு பழங்கதையைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் அச்சான முதல் பத்திரிகை 1780 ஜனவரியில் கல்கத்தாவில் வந்தது. ஹிக்கி என்ற வெள்ளைக்காரர் நடத்தியது. 'பெங்கால் கெஜட்' என்று பேர். கூடவே இன்னொரு பேரும் வைத்தார். 'கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்'! பேரிலேயே விளம்பரம்!

சென்னையின் முதல் பத்திரிகை 'மெட்ராஸ் கூரியர்'. 1785 அக்டோபர் 12-ல் பிறந்தது. அதுவும் வார இதழ்தான். கோட்டையையும் அதைச் சுற்றியும் இருந்த கொஞ்சம் வெள்ளைக்காரர்கள்தான் படித்தவர்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பேட்டைப் பத்திரிகை மாதிரிதான்!

'இந்து' பத்திரிகையில் 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரந்தான் நிறைந்திருக்கும். செய்தி படிக்க உள்ளே போக வேண்டும். அந்தக் காலத்து வாசகர் கோபித்துக்கொள்ளவில்லை. விளம்பரத்தையும் ஒரு செய்தியாகத்தான் படித்தார்.

தையல்காரர் போட்ட கணக்கு

கணக்குக்காக ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. சந்துக்குள் கடை. கை சுத்தம். ஆனால், கடை இருப்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. விளம்பரத்துக்கு என்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

பெரிய பேப்பர் ஏஜெண்டு வருகிறார் என்று வையுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, நம்ம பேப்பர் தமிழ்நாடு பூரா போவுது. லட்சக்கணக்கான பேரு பாக்கிறாங்க!"

"சரி தம்பி. தூத்துக்குடியில இருக்கிற அம்மா எங்கிட்ட ப்ளவுஸ் தைக்க வருவாங்களா?"

ஏஜெண்டு தலையைச் சொறிவார். கேள்வி அப்படி!

பெரிய பேப்பரில் விளம்பரக் கட்டணம் அது அச்சாகும் பிரதிகளுக்குத் தக்கபடி இருக்கும். தையல்காரர் லட்சம் பேருக்குக் காசு கொடுக்க வேண்டும். அதில் கடைக்கு நடந்து வரக்கூடியவர் சில நூறு பேர்தான். மீதிக் காசு? கடலில் கரைத்த பெருங்காயம்!

பேட்டைப் பத்திரிகையில் கணக்கு வேறே. விளம்பரத்தை 'காலம் சென்டிமீட்டர்' கணக்கில் அளப்பார்கள். அகலம் எத்தனை பத்தி, உயரம் எத்தனை சென்டிமீட்டர், ரெண்டையும் பெருக்க வேண்டும். 2 பத்தி அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்றால் 10 காலம் சென்டிமீட்டர்.

ஒரு காலம் சென்டிமீட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு 1,000 ரூபாய். 4 வாரத்துக்கு 4,000. கூலி, நூல், கரண்டு எல்லாம் போக ஒரு ப்ளவுஸுக்கு 100 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். 40 ப்ளவுஸ் வந்தால் அசல் வந்துவிடும். வீட்டுக்கு 4 ப்ளவுஸ் என்றால் பத்தே பத்து வீடு!

பத்தாவது வீட்டுக்கு மேல் வருவதெல்லாம் லாபம். அந்தப் பத்து வீடும் தீபாவளிக்குத் திரும்பி வரும். கல்யாணத்துக்குத் திரும்பி வரும். பக்கத்து வீட்டையும் கூட்டி வரும்.

இந்த 100 ரூபாய் ரேட்டு கணக்குக்காகச் சொன்னது. பத்திரிகைக்குப் பத்திரிகை ரேட்டு மாறும். ஜி.எஸ்.டி. தனியா, சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அப்புறம் சண்டை போடக் கூடாது. கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "போட்ட பணம் திரும்ப எத்தனை பேர் கடைப்படி ஏற வேண்டும்?"

ரங்கநாதன் தெரு கதை வேறே!

அப்படியானால் பெரிய கடைக்காரர்கள் எல்லாம் ஏமாளிகளா? இல்லை!

தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் ஜனம் அப்படியே அந்தத் தெருவுக்குள் இறங்குகிறது. செங்கல்பட்டிலிருந்து வருகிறார்கள். திண்டிவனத்திலிருந்தும் வருகிறார்கள். கல்யாண ஜவுளி எடுக்க வெளி மாவட்டங்களிலிருந்து வேன் பிடித்தும் வருகிறார்கள். அந்தக் கடைகளுக்கு ஊர் முழுக்க விளம்பரம் வேண்டும். டெலிவிஷனும் வேண்டும்.

வாடிக்கையாளர் எங்கேயிருந்து வருகிறாரோ, விளம்பரம் அதுவரைக்கும் போனால் போதும். அதற்கு மேல் ஒரு மைல் போனாலும் வீண்!

இது தெரிந்துகொள்ள எம்.பி.ஏ. படிக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு மாதம், கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "வீடு எங்கே சார்?" என்று கேட்டுத் தெருப் பேரை எழுதி வைக்க வேண்டும். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், எந்தப் பேட்டைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது என்பது தானே தெரிந்துவிடும்.

பேனர் வேண்டாம்!

"பேப்பர் எதற்கு? நாலு பேனர் கட்டினால் ஆச்சு" என்பவர்களும் உண்டு.

அவர்கள் 2019 செப்டம்பர் 12-ஐ மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கரணை. வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள் 23 வயது சாப்ட்வேர் இன்ஜினியர் பெண். ரோட்டின் நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று சரிந்து அவள் மேல் விழுந்தது. நிலை தடுமாறிக் கீழே விழுந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. போன உயிர் திரும்பி வருமா?

மறுநாளே ஐகோர்ட்டு கொதித்தது. அந்தக் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக 5 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது.

அன்று விழுந்தது கடை விளம்பரம் இல்லை. கல்யாண பேனர். காற்றுக்குக் கல்யாணம் தெரியுமா, கடைத் திறப்பு விழா தெரியுமா? அனுமதி இல்லாமல் நடுரோட்டில் கட்டுகிற எந்தத் துணியும் எமனுக்குப் போட்ட பாய்தான். சுவரில் கண்டபடி நோட்டீஸ் ஒட்டுவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் வந்துவிட்டது.

பேப்பரில் வந்த விளம்பரம் யார் தலையிலும் விழாது!

பண்டல் எங்கே போகிறது?

இதெல்லாம் நல்ல பக்கம். கெட்ட பக்கமும் உண்டு. கடைக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும்!

"இருபதாயிரம் காப்பி அடிக்கிறோம்" என்று வாய் கூசாமல் சொல்கிற கில்லாடிகளும் இந்தத் தொழிலில் உண்டு. அச்சாவது அதில் கால்வாசி கூட இருக்காது. அச்சானதும் வீடு போய்ச் சேராது. பிரிக்காத பண்டல் அப்படியே பழைய பேப்பர் கடை எடைத் தட்டில் ஏறும்! விளம்பரம் கொடுத்தவர் டெலிபோன் மணி அடிக்கும் அடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பார். அது எப்படி அடிக்கும்?

எல்லாரும் இப்படி இல்லை. ஆனால், யார் இப்படி என்று கண்டுபிடிக்க வழி தெரிய வேண்டும்.

காசுக்கு விற்கிற பேப்பர் என்றால் விற்பனைக் கணக்கு இருக்கும். உறுப்பினரான பத்திரிகைகளின் விற்பனையைச் சரிபார்த்துச் சான்று தர ஏ.பி.சி. என்ற அமைப்பு 1948 முதல் இருக்கிறது. ஓசிப் பேப்பருக்கு ஏது விற்பனை? ஆகவே கடைக்காரர்தான் துப்பறிய வேண்டும்.

ஒன்று: பேப்பர் போடுகிற நாளில் அதிகாலையில் எழுந்து மூன்று தெரு நடந்து பார்ப்பது. வாசலில் பேப்பர் கிடக்கிறதா?

இரண்டு: அடுக்குமாடி வீட்டு வாட்ச்மேனைக் கேட்பது. பையனை உள்ளே விடாத கட்டடங்களில் பேப்பர் கட்டு கேட்டிலேயே நின்றுவிடும். மேலே போகிறதா, அவருக்கே தலையணை ஆகிறதா?

மூன்று: கடைக்கு வருகிற பத்து பேரிடம் "இந்த வாரம் பேப்பர் வந்துச்சா?" என்று கேட்பது. பத்தில் ஏழு பேர் ஆமாம் என்றால் சரக்கு நல்ல சரக்கு. பத்தில் ரெண்டு என்றால் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

நான்கு: அச்சகத்தின் பில்லைக் காட்டச் சொல்வது. நேர்மையானவர் காட்டுவார். மழுப்புகிறவர் எதையோ மறைக்கிறார்.

ஐந்து: பேப்பரின் கடைசிப் பக்க அடியைப் பார்ப்பது. அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர், விலாசம் இருக்கிறதா? பத்திரிகைகளைப் பதிவு செய்ய 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அது போய், 2023-ல் புதிய சட்டம் வந்தது. 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. பேரும் விலாசமும் இல்லாமல் ஒரு பேப்பர் வந்தால், காசு கொடுத்தபின் ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான்!

வாசகருக்கும் வலை

ஏமாறுகிறவர் கடைக்காரர் மட்டும் இல்லை. படிக்கிறவரும் ஏமாறுகிறார்.

நம்ம பேட்டைப் பேப்பரில் வந்தால் நம்ம ஆள் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் மோசடிப் பேர்வழிக்கு மூலதனம்.

"வீட்டிலிருந்தே மாதம் அரை லட்சம்! முன்பணம் மட்டும் கட்டுங்கள்!" என்றால் அங்கேயே நிற்க வேண்டும். வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான். டெபாசிட் கேட்க மாட்டான்.

"சர்க்கரை வியாதி வேரோடு போகும்!" என்ற விளம்பரமா? சர்க்கரை, புற்று, வலிப்பு போன்ற நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954-ம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது.

வீட்டு மனை விளம்பரமா? 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைத் திட்டத்துக்கும் அடுக்குமாடித் திட்டத்துக்கும் பதிவு நம்பர் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நம்பர் இல்லாத "பொன்னான வாய்ப்பு" பொன்னைக் கரைக்கிற வாய்ப்புதான்.

பொய் விளம்பரம் செய்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும். புகார் சொல்ல நுகர்வோர் உதவி நம்பர் 1915. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930.

"பிள்ளையார் கோயில் எதிரில்"

விளம்பரம் எழுதுவதும் ஒரு கலைதான். பெரிய கம்பெனிக்காரர் அழகான பெண்ணைப் போட்டு ஒரு வரி கவிதை எழுதலாம். தெருமுனைக் கடைக்கு அது ஆகாது.

என்ன கிடைக்கும்? எங்கே கிடைக்கும்? என்ன விலை? எப்போது திறந்திருக்கும்? எந்த நம்பருக்குப் பேச வேண்டும்? இந்த ஐந்தும் இருந்தால் போதும்.

கதவு நம்பரைவிட "பிள்ளையார் கோயில் எதிரில்" என்பது ஆயிரம் மடங்கு மேல். "பழைய தபால் ஆபீஸ் சந்து" என்றால் குழந்தையும் வழி சொல்லும். இந்த அடையாளத்துக்கெல்லாம் மாநிலப் பேப்பரில் மதிப்பு இல்லை. எந்தப் பிள்ளையார் கோயில் என்று கேட்பார்கள். பேட்டைக்குள் பேட்டைப் பிள்ளையார் ஒருவர்தான்!

ஒரு எச்சரிக்கை. அச்சுக்குப் போகும் முன் புரூஃப் வாங்கி டெலிபோன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு எண் மாறினால் தீர்ந்தது கதை. ஜவுளிக் கடைக்கு வர வேண்டிய போன் எல்லாம் யாரோ ஒரு மாமா வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கும்!

ஒரே ஒரு தடவை முழுப் பக்கம் போட்டு அசத்துவதைவிட, அதே காசில் சின்னதாகப் பத்து வாரம் போடுவது புத்திசாலித்தனம். பைப் உடைகிற அன்றைக்குத்தான் பிளம்பர் நினைப்பு வரும். அந்த வாரம் விளம்பரம் பேப்பரில் இருக்க வேண்டும் இல்லையா?

"இந்த விளம்பரத்தைக் கொண்டு வந்தால் 20 ரூபாய் தள்ளுபடி" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. வந்த துண்டுகளை ஆணியில் குத்தி வைத்தால் மாதக் கடைசியில் பலன் கண்ணுக்குத் தெரியும்.

சீசனும் தெரிந்திருக்க வேண்டும். வெயில் வந்தால் வடாம், ஊறுகாய், ஏ.சி. ரிப்பேர். ஜூன் வந்தால் டியூஷன், யூனிபாரம். ஆடியில் தள்ளுபடி. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை. அப்புறம் தீபாவளிப் பட்சணம். மழைக்கு முன்னால் மொட்டை மாடி ஒழுகல் அடைக்கிறவர். மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் கச்சேரிக்கு வரும் வெளியூர்க்காரருக்கு வாடகை ரூம். பண்டிகைக்கு முந்தின நாள் விளம்பரம் போட்டால் பண்டிகை முடிந்தபின்தான் கூட்டம் வரும்!

வாட்ஸ்அப் வந்தாச்சே!

"இன்னும் பேப்பரா? எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போகிறதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வாட்ஸ்அப்பில் காசு கிடையாது. கூகுள் மேப்பில் கடைப் பேரைப் போடவும் காசு கிடையாது. போடத்தான் வேண்டும். போடாதவர் ஏமாளி.

ஆனால், காலையில் போட்ட வாட்ஸ்அப் செய்தி பத்து மணிக்குள் ஐம்பது "குட்மார்னிங்"குக்குக் கீழே புதைந்துவிடும். குடியிருப்பு குரூப்பில் விளம்பரம் போட்டால் அட்மின் விலக்கிவிடுவார். பேப்பர் அப்படி இல்லை. டீப்பாய் மேலே ஒரு வாரம் கிடக்கும். செல்போன் பார்க்கக் கண் ஒத்துழைக்காத பெரியவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். வீட்டு நர்ஸ், சமையல் ஆள், மருந்து கொண்டுவந்து தருகிற கடை எல்லாம் அவர்களுக்குத்தானே வேண்டும்?

பேப்பருக்கும் இது புரிந்துவிட்டது. வெறும் தாளை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் விழாவோடு சேர்ந்தே பேர் வாங்கியது. மாட வீதியில் தரையெல்லாம் கோலப் போட்டி! பேட்டை ஜனம் ஓரிடத்தில் கூடினால் பேட்டை வியாபாரமும் கூடும்.

பள்ளத்தை யார் எழுதுவார்?

கடைசியாக ஒரு சங்கதி. முக்கியமான சங்கதியும் அதுதான்.

தெருவில் பள்ளம் விழுந்தால் பெரிய பேப்பரில் எத்தனை வரி வரும்? 200 வார்டில் எத்தனை பள்ளம்! யாராவது விழுந்து கால் ஒடிந்தால் ரெண்டு வரி வரும். விழுவதற்கு முன்னால் எழுதுகிறவர் பேட்டைப் பத்திரிகைக்காரர்தான். அவர் அதை எழுதுவதற்கான காசு எங்கிருந்து வருகிறது? அதே தெருவில் இருக்கிற இஸ்திரிக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர் கொடுத்த விளம்பரத்திலிருந்து!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இது எல்லாருக்கும் உறைத்தது. கடை மூடினால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லை என்றால் ஓசிப் பேப்பருக்கு வேறே வருமானமே இல்லை. வாசகர் காசு கொடுக்கிற பேப்பராவது தட்டுத் தடுமாறி நிற்கும். ஓசிப் பேப்பர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நடைபாதையை வளைத்துப் பிடித்துக் கடை விரித்திருக்கிறவரும் இதே பேப்பருக்கு விளம்பரம் கொடுப்பார். "நம்மளைப் பத்தி எழுதிடாதீங்க சார்" என்பார். அங்கேதான் பத்திரிகைக்காரரின் முதுகெலும்புக்குச் சோதனை! விளம்பரத்தைச் செய்தி மாதிரி வேஷம் கட்டிப் போடக் கூடாது, விளம்பரம் என்று தெரியும்படி போட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் வகுத்த நெறி.

கடைக்காரர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விளம்பரம் கொடுத்தவரின் குற்றத்தை மறைக்கிற பேப்பரை ஜனம் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். அப்புறம் அதைப் பிரித்துப் பார்க்காமல் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற வைத்துக்கொள்ளும். அதில் கொடுத்த விளம்பரமும் எண்ணெயோடு போகும். தைரியமாகப் பள்ளத்தை எழுதுகிற பேப்பரைத்தான் ஜனம் பிரிக்கிறது. பிரிக்கிற பேப்பரில் வருகிற விளம்பரந்தான் கண்ணில் படுகிறது.

பள்ளம் மூடினால் யாருக்கு லாபம்? கடைக்கு வருகிற அம்மா கால் இடறாமல் வருவாள்!

அடுத்த வாரக் கடைசியில் வாசலில் "சொத்"தென்று சத்தம் கேட்டால், கோலத்துப் பக்கத்தில் கிடக்கிற அந்தப் பேப்பரை ஒரு தடவை கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். அதில் உங்கள் தெருக் கடை இருக்கிறதா?

இல்லை என்றால், பால் வாங்கப் போகும்போது அண்ணாச்சி காதில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்!